நான்காவது சொல்லுக்கு எடுத்துக்காட்டு

ராமுத்தாய் தன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு முதல் பெஞ்சிலிருந்து வரத் தொடங்கியபோது, நான் வீட்டுப்பாடத்தில் மூன்று சொற்களை முடித்திருந்தேன்.

கம்பத்தில், ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பு. துடுக்கு, திமிர், இங்கிதமின்மை, அலட்சியம் என்ற நான்குக்கும் நாங்கள் எல்லாரும் ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதிவைத்திருந்தோம். சாராள் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் தமிழில் பிரித்துக் காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் எழுதியது சரிதானா என்று தெரியவில்லை.

துடுக்கு: ஒருவன் சட்டைப்பையிலிருந்து கேட்காமலே பேனாவை உருவிக்கொள்வது. கூடவே, "ஏ நெட்டை, மூணு பேனா குத்தியிருக்க, வாயில ஒரு வார்த்தை வர மாட்டேங்குதே" என்பது.

திமிர்: தேர்வுக்குத் தேனி போன அன்று, பஸ்ஸில் ஒருவன் கைக்குட்டை போட்டுத் தனக்காகப் பிடித்துவைத்த சீட்டில் உட்காராமல், போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவது. (கூச்சமாகவும் இருக்கலாம். உறுதியில்லை.)

இங்கிதமின்மை: திராட்சை மண்டி வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருகிறவனின் சட்டைக் கறையை எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பது. மறுநாள் அவனுக்குச் சோப்பு வாங்கிவந்து கொடுப்பது இதில் சேருமா? ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

மூன்றும் அவள்தான்.

அலட்சியத்துக்கு மட்டும் அவளிடம் எதுவும் கிடைக்கவில்லை.

என் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். நோட்டைக் கையால் மறைத்தேன். முன்பென்றால் கையைத் தட்டிவிட்டுப் படித்திருப்பாள். இன்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பேனா கொஞ்சம் குடுக்கிறீகளா?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டு வாங்கினாள்.

உறையில் 'திரு. கர்ணன் அவர்கள்' என்று எழுதினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க."

தலையாட்டினேன்.

பேனாவுக்கு மூடி போட்டு, என் பக்கமாக வைத்தாள். அவள் எடுத்த பேனா எதுவும் இதற்கு முன் திரும்பி வந்ததில்லை. அதற்காகத்தான் நான் மூன்று வைத்திருந்தேன்.

பின் பெஞ்சில் அமானுல்லா, சாப்பாட்டில் பாயசம் உண்டா என்று கேட்டான்.

"ஒனக்குத் தனியா ஒரு குண்டான் எறக்கி வைக்கச் சொல்றேன்டா, விழுந்து நீச்சலடி" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அங்கே அவள் துடுக்கு அப்படியே இருந்தது.

நான் மூடியைத் திறந்து நான்காவதை எழுதினேன்.

அலட்சியம்: ஆவணி மாதம், கம்பம் பஸ் ஸ்டாண்டு, மாலை ஏழரை மணி. ஒருத்தி, "எனக்கு மாப்பிள்ளை பாக்குறாக. நீ வந்து எங்க அய்யாட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்கிறாள். ஒருவன், பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நடந்துவிடுகிறான்.

பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.