அக்டோபர் இல்லாத வருடம்

முதல் வேலையாக ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

தலையில் அடிபட்டவனிடம் ஹெல்மெட்டை விட்டுவைத்தால், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் களத்துக்குள் ஓடியிருப்பான். என்னைப் போல இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

ரோலி பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்தான்.

"குடுங்க டாக்டரம்மா. எனக்கு ஒன்னுமில்ல."

நான் டாக்டர் இல்லை. அணியின் காயங்களைக் கவனிப்பவள், கட்டுப்போடுகிறவள். பையன்கள் கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவனும் எதிரணிக்காரனும் தலையோடு தலை முட்டிய சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை. எத்தனையோ சீசன்களாக இந்தக் கோட்டோரம் நின்று முட்டல்களைக் கேட்டவள் நான். இது அவற்றைப் போல இல்லை.

ஆனால் எழுந்துவிட்டான். நேராகத்தான் நடந்து வந்தான்.

அது கடைசி ஆட்டம். அயோவாவின் சோளக்காட்டு ஊர்களில் உள்ள சின்னக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி எங்களுடையது. டிவியில் எவனும் காட்டமாட்டான். ஆனால் இன்று ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. நான் இங்கே வந்த நாளிலிருந்து கோப்பை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. நாங்கள் ஒரு மயிரிழை முன்னால். பந்து எதிரணியின் கையில்.

பந்தோடு ஓடிவருகிறவனை மறித்துச் சாய்ப்பதுதான் ரோலியின் வேலை.

"வெர்னா! அந்தத் தடியன நிறுத்த இவன விட்டா வேற யாரு இருக்கா எங்கிட்ட?" கோச் ஹால்வர்சன் தொண்டை கிழியக் கத்தினார்.

"கத்தாதீங்க கோச். நான் சொல்ற வரைக்கும் இவன் என் ஆளு."

வானம் கறுத்துப் பனித்தூறல் விழத் தொடங்கியிருந்தது. ரோலியின் அம்மா படிகளில் இறங்கிவந்து, போர்வையைத் தோளில் இழுத்துவிட்டபடி வேலிக் கம்பியைப் பிடித்து நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கோர் கேட்டேன். சொன்னான். யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டேன். அதையும் சொன்னான்.

"சரி, மாசத்தையெல்லாம் பின்னாலேருந்து சொல்லு."

ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன் ஒவ்வொருவனையும் உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டிருப்பேன். பிறகு அடிபட்டால் மறுபடி கேட்பேன். ஆகஸ்டில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னால் வெளியே உட்காரவேண்டியதுதான்.

இதுகள் சும்மா இருக்குமா? ஆகஸ்டிலேயே வேண்டுமென்று தப்பாகச் சொல்லிவைக்கும்; பிறகு அடிபட்டுத் தடுமாறினாலும் வித்தியாசம் தெரியாதே. பெரியவன்கள் புதிதாக வருகிறவனுக்கு முதலில் கற்றுத்தருவதே அதுதான். விடுதி அறையில் ஒத்திகை வேறு பார்ப்பார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ரோலி அப்போது அக்டோபரை விட்டுவிட்டான். நவம்பரிலிருந்து ஒரே தாவலாகச் செப்டம்பர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, திருட்டுப் பயல்.

இப்போது உதட்டை நக்கிக்கொண்டான். மெதுவாகத் தொடங்கினான்.

"டிசம்பர்... நவம்பர்... செப்டம்பர்... ஆகஸ்ட்..."

ஜனவரி வரைக்கும் தடங்கலில்லாமல் போனான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்! இப்போது சரியாகச் சொன்னால் அன்றைய பொய் அம்பலமாகிவிடும் என்று, அதே தப்பை அப்படியே திருப்பிச் சொல்கிறான். தான் சொன்ன பொய்யை இவ்வளவு சுத்தமாக ஞாபகம் வைத்திருக்கிறவன் தலைக்கு என்ன கேடு வந்துவிடப்போகிறது?

அந்தச் சத்தம் கிளப்பிய பயம் அடங்கிவிட்டது. அடங்கியதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

ஹெல்மெட்டை நீட்டினேன்.

வேலியோரம் நின்ற அவன் அம்மாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

ரோலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோடு வரைக்கும் போனான். அங்கிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒரு உண்மைய சொல்லட்டுமா? ஆகஸ்ட்ல வேணும்னேதான் ஒரு மாசத்த விட்டேன். இன்னிக்கு ஏமாத்தல. பன்னெண்டையும் சொல்லிட்டேன், பாத்தீங்கல்ல?"

சொல்லிவிட்டு ஓடினான்.

"ரோலி! டேய், நில்லுடா!"

பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கியிருந்தது. அவன் பெயரைச் சொல்லித்தான் ஊரே கத்தியது. அதில் என் குரல் எங்கே கேட்கும்?

நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். கோச் பின்னாலிருந்து என்னைத் திட்டுவது கேட்டது. நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து கைமாறிவிட்டது. அந்தத் தடியன் அதை நெஞ்சோடு அணைத்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ரோலியும் தலையைக் குனிந்தான்.

வேலியோரம் அவன் அம்மா எனக்கு இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.