கீறல் விழக்கூடாது

பக்கப் பலகை இல்லாத அந்தத் திறந்த லாரியை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றி வந்தார் காண்ட்ராக்டர் பரசுராமன். நடுவில் பழைய மெத்தை மேல், கோணி போர்த்திய கருங்கல் பலகை சுகமாகப் படுத்திருந்தது.

"இன்னும் இறுக்குப்பா. செங்கம் ரோட்டுல வேகத்தடை ஜாஸ்தி."

"நாலு பெல்ட் போட்டாச்சுங்க," என்றான் டிரைவர் இனியன்.

"இன்னொண்ணு போடு. மூலைக்கு மூலை துணி வை, கல்லு உரசி பெல்ட் அறுந்துடப் போவுது. கீழ விழுந்தா போனது திரும்பி வருமா?"

இனியன் அப்படியே செய்தான். பரசுராமன் கல்லை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. மனம் குளிர்ந்தது.

"ம், ஏறுங்க," என்றார், கல்லை இறக்கி நிறுத்த வந்திருந்த கூலியாட்களிடம்.

ராணியம்மாள் லாரியின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். "நாங்க எதைப் புடிச்சிக்கிறதுங்க?"

"அதான் அஞ்சு பெல்ட் கட்டியிருக்கே, புடிச்சிக்கோங்க. கல்லு மேல மட்டும் கால் வெக்காதீங்க, கீறல் விழுந்துடும். நாளைக்குத் திறப்பு விழா."

லாரி குலுங்கிக் கிளம்பியது. காற்றில் கோணி விலக, கல்லில் பெரிதாகப் பொறித்திருந்த தன் பெயரைப் பரசுராமன் பெருமையோடு பார்த்தார். போன வருஷம் இதே லாரியின் ஓரத்திலிருந்து விழுந்து செத்த கூலியாள் மாறனுக்கு, அவர் சொந்தச் செலவில் வைக்கும் நினைவுக் கல் அது.