மூலைக்குப் போன பேஸ் பெட்டி

தணிகாசலம் வீட்டு ஹாலில் ஒரு கல்யாணமே நடத்தலாம். ஆனால் பாட்டு போட்டால் பேஸ் என்கிற அந்த 'தும் தும்' சத்தம் மட்டும் கொசு தும்முகிற மாதிரிதான் வரும். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று பேஸ் பெட்டியை நடு ஹாலில், தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு வைத்திருந்தார்.

"பெட்டி சரியில்லை" என்று முடிவு செய்து, அதைவிடப் பெரிய பெட்டியை வாங்கி, அதே இடத்தில், அதே பூச்சாடியோடு உட்கார வைத்தார். பழையது செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூலைக்குப் போனது. "அதுவும் ஓரமா முனகட்டும்" என்று வயரைப் பிடுங்கவில்லை.

பாட்டு போட்டதும் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. மூலைச் சுவர்கள் இரண்டும் பழைய பெட்டியின் சத்தத்தை வாங்கி ஹால் முழுக்கத் தள்ளின. தணிகாசலம் புதுப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"பெருசு பெருசுதான் மச்சான்!" என்றார் மைத்துனர்.

"கேட்டியா? நான் வந்தப்புறம்தான் இந்த வீட்டுக்கே உசுரு வந்திருக்கு" என்றது புதுப் பெட்டி.

"ரொம்ப சரிங்க" என்றது பழையது.

செருப்பு ஸ்டாண்டுக்குப் பொறுக்கவில்லை. "அடப்பாவி, அதிர வைக்கிறது நீ! என் மேல இருக்கிற செருப்பெல்லாம் குதிக்குது. உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சத்தம் போடாதே" என்றது பழைய பெட்டி. "தெரிஞ்சா, மரியாதை பண்றேன்னு என்னைத் தூக்கி மறுபடியும் நடு ஹால்ல வெச்சிருவாங்க."