அறுக்காத புல்

ஹந்தானைக் கோப்பித் தோட்டத்து பங்களாவில், வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணி அழகுக்காக வைத்த புல் ஆள் உயரத்துக்கு நின்றது. கூலியாட்களை மேற்பார்க்கப் புதிதாக வந்த கங்காணி கறுப்பையா அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"பூ உதிர்ந்து ஒரு மாசமாச்சு. ஒரு சாண் விட்டு அறுத்தாத்தானே புதுத் துளிர் வரும்? ஏன் விட்டு வச்சிருக்க?"

"ஈரத்துல அறுத்தா வேர் அழுகிடுங்க" என்றார் தோட்டக்காரர் அழகர்.

"மழை விட்டுப் பத்து நாளாச்சே?"

அழகர் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார்.

"அடுத்த தோட்டத்துல அடி தாங்காம ராக்கம்மான்னு ஒருத்தி ஓடிட்டா. ஊரெல்லாம் தேடுறாங்க. நீ கஞ்சிக் கலயத்தோட இந்தப் புல்லுக்குள்ள போனத நான் பாத்தேன்."

கங்காணி புல்லை விலக்கப் போனார். அழகர் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"என்னைய வெட்டிப் போட்டுட்டு உள்ள போங்க!"

சத்தம் கேட்டுப் புல் அசைந்தது. மெலிந்த பெண்ணொருத்தி எட்டி, கங்காணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே!"

கறுப்பையா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கூடப்பொறந்த ஒன்னத் தேடித்தான் தாயி, தோட்டம் தோட்டமா வேலை கேட்டு அலைஞ்சேன். யாரை நம்பி விசாரிக்கிறதுன்னே தெரியல" என்று அழுதார்.