மூலையில் ஒரு ரேகை

அந்தக் கட்டைவிரலை அவள் பார்த்துவிட்டாள்.

பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்காக மாணவர்கள் வாங்கி வைத்த மெதுவடையில் பாதி, துறைத் தலைவரின் வாயில் இருந்தது. மென்றுகொண்டே கையை நீட்டினார்.

"குடுங்க சார், நானே கலைச்சுத் தர்றேன்."

ரூபிக் கியூபை வாங்கிக் கரகரவென்று திருப்பினார். கடைசியில் ஒரு மூலைக் கட்டையை மட்டும் கட்டைவிரலால் நெம்பி, இருந்த இடத்திலேயே திருகினார்.

அப்படித் திருகிவிட்டால் எந்தக் கொம்பனாலும் நிறம் சேர்க்க முடியாது. அவளுக்குத் தெரியும். கியூபைத் தானே சேர்க்கும் இந்த இயந்திர ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டி அவள்தான்.

வகுப்பே துறைத் தலைவரின் மச்சான் கடையில் ப்ராஜெக்டை ரெடிமேடாக வாங்கி வந்திருந்தது. ஜெனோவா மட்டும் ஆறு மாதம் உட்கார்ந்து சொந்தமாக எழுதினாள். அந்தப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கேமரா ஆறு பக்கங்களையும் படித்தது.

இயந்திரக் கைகள் அசையவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. 'தீர்வு இல்லை. ஒரு மூலை திருகப்பட்டிருக்கிறது.'

"பாத்தீங்களா சார்? புரோகிராம் ஓடலைன்னா கியூப் மேல பழி."

துறைத் தலைவர் சிரித்தார். பல்லிடுக்கில் கறிவேப்பிலை.



தேர்வாளர் மதிப்பெண் தாளைப் பிரித்தார்.  ஜெனோவா அழவில்லை. கியூபை எடுத்துக்கொண்டு நேராக வழிகாட்டியிடம் வந்தாள்.

"யாரோ திருகியிருக்காங்க மேடம். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. சொல்லுங்க மேடம்."

கியூப் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு மூலையில் மட்டும், நெம்பின இடத்தில், அழுந்தப் பதிந்த ரேகை.

அடுத்த வாரம் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியதும் அதே கைதான்.

தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

அவள் முந்தானையை எடுத்து அந்த மூலையைத் துடைத்தாள். ரேகை போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

"நான் கவனிக்கலையேம்மா."

சே, என்றிருந்தது. அந்த ஆளை நினைத்தல்ல.

ஜெனோவா கியூபைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தன் இடத்துக்குப் போய் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

துறைத் தலைவர் வடைத் தட்டை, கியூபோடு நின்றிருந்த அவள் பக்கமாக நகர்த்தினார்.

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.