காலியான பட்டியல்

மாலை வெயில் அலமாரிக் கண்ணாடியில் பட்டு அறையெங்கும் சிதறுகிறது. ஓராண்டாக உடுத்தாத துணியைக் ‘கொடுத்துவிடலாம்’ பட்டியலில் தள்ளுவதுதான் அவர் வடிவமைக்கும் செயலியின் விதி. சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு அலமாரியையே அதில் ஏற்றியிருக்கிறார். மனைவி இறந்து இன்றோடு ஓராண்டு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பட்டியலைத் திறக்கிறார். அவள் துணி ஒன்றுகூட அதில் இல்லை. புரோகிராமரை அழைக்கிறார். “புரோகிராம்ல தப்பில்ல சார். உங்க டேப்லட்லேருந்து யாரோ ‘உடுத்தியாச்சு’ன்னு தட்டிக்கிட்டே இருக்காங்க” என்கிறான் அவன் போனில். அவர் திரும்புகிறார். கதவோரம் ஒன்பது வயது மகள், அம்மாவின் பச்சைச் சட்டையில் நிற்கிறாள். சட்டைக் கைகள் விரல்களைத் தாண்டித் தொங்குகின்றன. “பொய்யா தட்டலப்பா” என்கிறாள் அவசரமாக. “ஒவ்வொண்ணையும் போட்டுக்கிட்டுத்தான் தட்டினேன்.”