பத்திரமான முகாம்

வண்டியோடு வந்து தங்கும் முகாம்களில் முதலாவதை டெல்பர்ட் வண்டியை விட்டு இறங்காமலே ஒதுக்கினார். அது நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. இரண்டாவதில் கடல் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. அவர் மனைவி லோர்னா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். ஆனால் அங்கே வாசலுக்கு கேட் இல்லை.

"எழுந்திரு லோர்னா. கடல் எங்கயும் ஓடிடாது. நம்ம சாமான் ஓடிடும்."

"நாம ஊர் பார்க்க வந்தோமா, காவல் காக்க வந்தோமா?"

டெல்பர்ட் நாற்காலியை மடக்கி வண்டியில் ஏற்றினார். அமெரிக்காவின் ஒரேகான் கடற்கரைக்கு வந்ததிலிருந்து போன இடமெல்லாம் திருட்டுப் பேச்சுதான். அவரோ ஓய்வு பெற்ற கையோடு, படுக்கை, அடுப்பு, குளியலறை என்று ஒரு வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிய புத்தம்புது ஆர்.வி. வாங்கியிருந்தார். வாழ்நாளெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் ஒரு குண்டூசியைக்கூட எவனுக்கும் விட்டுத்தர அவர் தயாராக இல்லை.

மூன்றாவது முகாமில் இரும்பு கேட் இருந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட பெர்னிஸ் என்ற பெண்மணி சம்பளம் வாங்காமலே ரோந்து வந்தாள். டெல்பர்ட்டுக்குத் திருப்தி. ஒரே ஒரு குறை, கடைக்கோடியில் யர்ட்கள் இருந்தன. வட்டமாகத் துணி போர்த்திய வாடகைக் குடில்கள்.

"சொந்தமா ஒரு கூரை வாங்க வக்கில்லை, இதுகளுக்கு ஊர்சுத்தல் ஒரு கேடு!" என்றார்.

அந்த யர்ட் ஒன்றிலிருந்துதான் அன்று மாலையே ஒருவன் வந்து நின்றான். பெயர் சைலஸ். புதர்த் தாடி, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், பின்னால் இரண்டு பொடிசுகள்.

"சார், விறகு பிளக்கணும். கோடாலி இருக்குமா?"

டெல்பர்ட் வாயைத் திறப்பதற்குள் லோர்னா எடுத்துக் கொடுத்துவிட்டாள். போகிற போக்கில் அவன், வண்டியின் பின்னால் மாட்டியிருந்த சைக்கிளைப் பார்த்து, "அட, சூப்பர் சைக்கிள் சார்!" என்றான்.

"பூட்டியிருக்கு தம்பி. ரெண்டு பூட்டு."

அன்றைக்கே நாற்காலிகளையும் இறைச்சி வாட்டும் அடுப்பையும் சங்கிலியால் பிணைத்தார். காபி குடிக்க உட்காரக்கூட சாவி தேட வேண்டியிருந்தது. லோர்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, பக்கத்து இடத்தில் கௌரவமான மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். வெர்னன், மாக்சின் தம்பதி. அவர்களுடைய ஆர்.வி. பஸ் அளவுக்குப் பளபளத்தது. அதன் பின்னால் நாலு பக்கமும் மூடிய டிரெய்லர் வேறு. அந்த வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் டெல்பர்ட்டுக்கு அவர்கள் குணமும் தெரிந்துவிட்டது.

ஆர்.வி.க்காரர்கள் ஒருவர் வண்டியை ஒருவருக்குத் திறந்து காட்டுவது வழக்கம். காட்டினார்கள், மெச்சிக்கொண்டார்கள்.

"டிரெய்லர் எதுக்கு?" என்று கேட்டாள் லோர்னா.

"போற வழியில பழைய சாமான் கண்ணுல பட்டா எனக்கு விட்டுட்டு வர மனசே வராது" என்று மாக்சின் வெட்கத்தோடு சிரித்தாள்.

பேச்சு வளர்ந்தது. யாக்கிமாவில் தன் வீடு, மாதாகோயிலுக்கு எதிரே நீலக் கதவு, மகன் அலாஸ்காவில், நாய் டியூக்கும் கூடவே வந்துவிட்டது, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு நார்மாவிடம் சாவி இருக்கிறது என்று டெல்பர்ட் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"அந்தப் பக்கம் வந்தா அவசியம் நம்ம வீட்டுக்கு வரணும். நம்மள மாதிரி ஆளுங்களைப் பார்க்கறதே அபூர்வம்."

"வராம இருப்போமா!" என்றார் வெர்னன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தாடிக்காரன் மேல ஒரு கண்ணு வைங்க. அவன் முழியே சரியில்லை."

பேரனுக்குப் பிறந்தநாள் என்று மறுநாள் காலையிலேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். டெல்பர்ட் கேட் வரை நடந்து போய்க் கையசைத்தார். திரும்பி வந்தால், அவருடைய வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சைலஸின் கால்கள்!

டெல்பர்ட் போட்ட கூச்சலில் பெர்னிஸ் ஓடி வந்து சைலஸிடம் விசாரித்தாள்.

"குழந்தையோட பந்து அடியில உருண்டுடுச்சாம் சார்."

"பந்தாம் பந்து! இன்னிக்குப் பந்து, நாளைக்கு பேட்டரியா? இவனை வெளியே அனுப்பறியா, நான் போலீஸைக் கூப்பிடட்டுமா?"

சைலஸ் சண்டை போடவில்லை. கோடாலியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளந்த விறகில் பாதியை லோர்னாவுக்கு அடுக்கி வைத்துவிட்டு, அழுகிற குழந்தைகளைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போனான். லோர்னா அன்று முழுக்க டெல்பர்ட்டிடம் பேசவில்லை.

அவர் கவலைப்படவில்லை. கிளம்புகிற நாளில் சங்கிலிகளை அவிழ்த்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை.

"பார்த்தியா? என்கிட்ட எவன் பருப்பும் வேகாது. இடம் பார்த்துத் தங்கத் தெரியணும் லோர்னா!"

யாக்கிமா வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி தெருவில் திரும்பியதுமே நார்மா இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"வீட்டையே காலி பண்ணிட்டுப் போறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? உங்க சிநேகிதர் வெர்னன் வந்து சொல்லித்தான் தெரியுது. ஆனாலும் தங்கமான மனுஷங்க, பாவம், வயசான காலத்துல ரெண்டு பேரா என்ன பண்ணுவாங்கன்னு தெருவே சேர்ந்து சாமானை ஏத்திக் குடுத்தோம். உங்க இரும்புப் பெட்டியைத் தூக்கினதுல என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, வைத்தியச் செலவை நீங்கதான் குடுக்கணும்!"